நாளைய தண்ணீரில் நனைந்த வேட்டி

கொள்ளிடத்தில் வெள்ளம் வருவதற்கு முந்தின நாளே மாட்டுத் தரகர் குஞ்சிதபாதத்தின் வேட்டி நனைந்துவிடுகிறது என்பதைக் கோரைத்திட்டு ஊர் புரிந்துகொள்ள இரண்டு மழைக்காலம் பிடித்தது. அதில் முதல் மழைக்காலம் முழுவதையும் அவர் பொய் சொல்லியே ஓட்டினார்.

பொய் அவருக்குச் சிரமமான காரியம் இல்லை. உதைக்கிற மாட்டைச் சுறுசுறுப்பு என்பார், நொண்டுகிற மாட்டை நடையில் ஒரு நளினம் என்பார், எழுந்திருக்கவே மாட்டாத மாட்டை இப்படி ஒரு சாதுவை நீங்கள் எங்கேயும் பார்க்க முடியாது என்பார், இதையெல்லாம் சொல்லும்போது சேறும் சாணியுமான சந்தைக்கு நடுவில் சலவை மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டியில் நிற்பார். அந்த வெள்ளையைப் பார்த்துத்தான் ஆட்கள் ஏமாந்தார்கள். ஆகவே வெயில் காய்கிற ஒரு காலைப்பொழுதில், நட்டநடுத் தெருவில், வேட்டியின் கரை மட்டும் சொதசொதவென்று நனைந்துபோனதை அவர் கண்டபோது, வாய்க்காலைத் தாண்டினேன் என்றார். மறுநாள் தெருவில் கணுக்கால் தண்ணீர் வந்தது. இன்னொரு நாள் கெண்டைக்கால்வரை நனைந்தது, மாடு தண்ணீர்த் தொட்டியைத் தட்டிவிட்டது என்றார். மறுநாள் கெண்டைக்கால் தண்ணீர் வந்தது. யாரும் ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்க்கவில்லை, ஏனென்றால் தண்ணீர் வந்த அன்று எல்லார் வேட்டியும்தான் நனைந்திருந்தது.

கோரைத்திட்டு, ஆற்றுக்கும் ஆற்றங்கரைக்கும் நடுவில் இருக்கிற ஊர். அதாவது வெள்ளத்திலிருந்து ஊர்களைக் காப்பாற்றுவதற்காகக் கட்டிய உயரமான மண்கரைக்கு இவர்கள் தப்பான பக்கத்தில் இருந்தார்கள். மேற்கே எங்கோ அணையைத் திறந்தால் இங்கே அடுப்புக்குள் தண்ணீர் வரும். எச்சரிப்பதற்காக ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று டவுனிலிருந்து வரும். ஆனால் ஊருக்குள் இறங்கும் பாதைதான் முதலில் மூழ்கும் என்பதால் அது கரைமேலேயே நின்றுகொண்டு, வெள்ளம் வரக்கூடும், பொதுமக்கள் எச்சரிக்கையாக இருக்கவும் என்று, கூரைமேல் கோழிகளோடு உட்கார்ந்திருக்கும் பொதுமக்களைப் பார்த்து அறிவிக்கும், பொதுமக்களும் மரியாதைக்குக் கையை அசைப்பார்கள்.

இரண்டாவது மழைக்காலத்தில், ஐப்பசி பிறந்த கையோடு, குஞ்சிதபாதம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கிடாரியின் குணநலன்களை விவரித்துக்கொண்டிருந்தபோது அவர் வேட்டி முழங்கால்வரை நனைந்து தரையில் சொட்ட ஆரம்பித்தது. பக்கத்தில் இருந்தவர் தம்முடைய பேப்பரை மடித்துக்கொண்டு மெதுவாக நகர்ந்து உட்கார்ந்தார்.

"என்ன தரகரே இது?"

"டீ கவுந்துருச்சு."

"நான் இன்னும் உங்களுக்கு டீயே குடுக்கலியே" என்றார் டீக்கடைக்காரர்.

அப்போது அங்கே பால் வாங்க வந்திருந்தாள் பஞ்சாயத்து பிரசிடெண்ட் வேம்பு. வேம்பு ஒரு குரல் கொடுத்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் இருப்பவர்கள் என்னக்கா என்று திரும்பிக் கேட்பார்கள். அப்படிப்பட்ட குரலை வைத்துக்கொண்டு அவள் அன்றைக்குச் சத்தமே இல்லாமல் குனிந்து, அந்த வேட்டியின் ஓரத்தைப் பிழிந்து, உள்ளங்கையில் வாங்கி, மோந்து பார்த்தாள்.

"இது ஆத்துத் தண்ணி. புதுத் தண்ணி. எந்திரிங்க தரகரே."

"ஏன் பிரசிடெண்ட்?"

"எந்திரிங்கன்னா எந்திரிங்க. நடங்க."

அவர் நடந்தார். மேட்டுத்தெருப் பக்கம் நடந்தால் ஈரம் முழங்காலிலிருந்து கெண்டைக்காலுக்கும் கணுக்காலுக்கும் இறங்கி, பிள்ளையார் கோயில் வாசலில் வேட்டி மொடமொடவென்று காய்ந்து சலவை மடிப்போடு நின்றது. திருப்பிப் பள்ளத்தெருப் பக்கம் நடத்தினால் ஈரம் தொடைக்கு ஏறியது, இடுப்புக்கு ஏறியது, அவருடைய அரைஞாண் கயிற்றுக்குப் பக்கத்தில் ஒரு கெண்டை மீன் குஞ்சு துள்ளியது, எங்கிருந்தோ இரண்டு பூனைகள் வந்து பின்னாலேயே நடந்தன. நாளைக்குத் தண்ணீர் எந்த இடத்தில் எவ்வளவு நிற்குமோ அவ்வளவு தண்ணீர் இன்றைக்கே அந்த இடத்தில் அவருக்கு மட்டும் நின்றது. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

மறுநாள் தண்ணீர் வந்து டீக்கடை பெஞ்சில் முழங்காலளவு நின்றது. அது வடிந்த கையோடு பஞ்சாயத்து அலுவலகத்துக்கு முன்னால் இருந்த புங்கமரத்தடியில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். ஏன் இப்படி நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. இவரை எப்படி நம்புவது என்றுதான் கேட்டார்கள்.

"அந்த ஆளு வாயில வர்றதையே நம்ப முடியாது, வேட்டியில வர்றதை எப்பிடி நம்புறது?"

"வாய் அவருது" என்றாள் வேம்பு. "தண்ணி ஆத்தோடது."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பிறகு நடந்ததெல்லாம் வேறு மாதிரி இருந்தது. குஞ்சிதபாதத்தை ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் வீட்டுக்குள் வந்து ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போகும்படி அழைத்தார்கள். இதுவரை அவரைக் கண்டால் மாட்டை அவிழ்த்துக் கொல்லையில் ஒளித்துவைத்தவர்கள் இப்போது காப்பி கொடுத்தார்கள், வடை சுட்டுக் கொடுத்தார்கள், அவர் நின்று முடித்ததும் துண்டை நீட்டினார்கள். அந்த ஐப்பசியில் தண்ணீர் ஏறுவதும் வடிவதுமாக இருந்ததால் அவரும் நனைவதும் காய்வதுமாக இருந்தார். எதிரெதிர் வீட்டுக்காரர்கள், உன் வீட்டில் முட்டிக்கு மேலே, என் வீட்டில் முட்டிக்குக் கீழே என்று பெருமை பேசினார்கள். ஒருவர், தன் வீட்டில் தரகர் வேண்டுமென்றே கூனிக்கொண்டு நின்றார் என்று சொல்லி மறுபடியும் வந்து நிற்கச் சொன்னார். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பார்த்து முடித்துவிட்டு, தரகரையும் கூப்பிடுங்கள், இந்த வீட்டில் அவர் எதுவரைக்கும் நனைகிறார் என்று பார்த்துவிடுகிறோம் என்றார்கள். குஞ்சிதபாதம் சும்மா இருப்பாரா? மனை விற்கிறவர்களிடம் ரகசியமாகப் பேசிக்கொண்டு, வாங்க வருகிறவர்களுக்கு முன்னால் கட்டைவிரலில் எம்பி நின்று ஈரத்தைக் கீழே காட்டினார். மூன்றாவது தடவை எம்பும்போது வேம்பு பின்னாலிருந்து ஒரு குரல் கொடுத்தாள். அந்தக் குரலுக்கு மனை வாங்க வந்தவர் மோட்டார் சைக்கிளோடு வயலில் இறங்கிவிட்டார்.

இந்தச் சமயத்தில்தான் தாலுகா ஆபீஸிலிருந்து ஆர்.ஐ. ரெஜினா வந்தாள். ஆற்றோர ஊர் ஒவ்வொன்றுக்கும் வெள்ள எச்சரிக்கைக்கு ஒரு ஏற்பாடு செய்யச் சொல்லி அவளுக்கு மேலிடத்து உத்தரவு. வேம்பு விஷயத்தைச் சொன்னாள். ரெஜினா ஆச்சரியப்படவில்லை, பல ஊர் பார்த்தவள்.

"எவ்வளவு நேரத்துக்கு முன்னாடி நனைவீங்க?"

"முந்தின நாளே நனைஞ்சிருவேன் மேடம்."

"எங்க ஆட்டோவை விடப் பரவால்ல" என்று சொல்லிவிட்டு அவள் அவரைச் சுற்றி ஒரு நடை வந்தாள். "உங்களுக்குக் காய்ச்சல் கீய்ச்சல் வந்து படுத்துட்டா?"

"படுத்துக்கிட்டே நனைவேன்."

"வெளியூர் போயிட்டா?"

அவர் வேம்புவைப் பார்த்தார். போன வாரம்தான் மாட்டுச் சந்தைக்குப் போயிருந்தார். அந்த ஊரில் நாளைக்கும் வெயில்தான் என்பதால் அவர் அங்கே முறுக்காகக் காய்ந்துபோய் நின்றார், இங்கே கோரைத்திட்டில் ஆடுகள் மிதந்தன. அதிலிருந்து மழைக்காலம் முடிகிற வரைக்கும் தரகர் ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று சிலர் கிளம்பினார்கள். கரை ஏறுகிற பாதையில் ஆள் போடலாம் என்றார்கள். கோயில் மண்டபத்தில் ஒரு கட்டில் போட்டு அவரை அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அவருக்குச் சோறு போடுவது யார் முறை என்பதுவரை பேச்சு போய்விட்டது. அப்போது கூட்டத்துக்குள் நுழைந்தாள் அவர் மனைவி தையல்நாயகி, கையில் சோற்றுக் கரண்டியோடு.

"என் புருஷன் என்ன சைரனா? கம்பத்துல கட்டிவைக்கிறதுக்கு?"

"அப்பிடி இல்லக்கா, ஊரோட நன்மைக்கு..."

"ஊரோட நன்மைக்கு ஊரு நனையட்டும். தெனம் அந்த வேட்டியைத் துவைக்கிறது நீயா நானா? நாளைக்கு வர்ற சேத்தை இன்னைக்கே துவைக்கிறேன், நாளைக்கு வர்ற சேத்தை நாளைக்கும் துவைக்கிறேன். ஒரு வெள்ளத்துக்கு ரெண்டு துவையல் எனக்கு மட்டும்."

ரெஜினா சிரித்துவிட்டாள். பிறகு, அந்தம்மா சொல்றது சரி, ஒரு ஆளை நம்பி ஒரு ஊர் இருக்கக் கூடாது, அது ஊருக்கும் நல்லதில்லை ஆளுக்கும் நல்லதில்லை என்றாள். அவளுடைய யோசனை எளிமையாக இருந்தது. தரகரை வைத்து அளவு எடுத்துக்கொள்வோம், தரகரை விட்டுவிடுவோம் என்றாள். டீக்கடையில் அவருக்குக் கணுக்கால் நனைகிற நாளில் ஒவ்வொரு வீட்டிலும் எவ்வளவு நனைகிறார் என்று பார்த்து அந்த உயரத்தில் சுவரில் மஞ்சள் கோடு. டீக்கடையில் முழங்கால் நனைகிற நாளில் நீலக் கோடு. டீக்கடையில் இடுப்பு நனைகிற நாள் வந்தால், வர வேண்டாம், வந்தால், சிவப்புக் கோடு. அதே மூன்று நிறத்தில் ஆற்றுக்குள் ஒரு கம்பம். மேற்கே இருக்கிற ஊரில் ஒருத்தர் ஆற்றைப் பார்த்து போன் செய்வார். மஞ்சள் என்றால் அரிசியைப் பரண் ஏற்றுவது, நீலம் என்றால் ஆடுமாட்டைக் கரைக்கு ஓட்டுவது, சிவப்பு என்றால் எல்லாரும் போவது. யார் வீட்டு நடக்கமுடியாதவரை யார் தூக்குவது என்பதுவரை பேசி வைத்தார்கள். எல்லாருக்கும் சொல்வது வேம்புவின் குரல், மைக் தேவைப்படவில்லை.

தையல்நாயகி தூரிகையைப் பிடித்துக்கொண்டாள். குஞ்சிதபாதம் போய் நிற்க நிற்க, அவள் அவர் காலில் ஈரம் நிற்கிற இடத்துக்கு நேராகச் சுவரில் கோடு போட்டாள். "அசையாம நில்லுங்க" என்று அவள் அதட்டுவதும் "இந்தா, வேட்டியில பெயிண்ட் படுது பாரு" என்று அவர் அலறுவதும் தெருத்தெருவாகக் கேட்டது. மஞ்சள் முடிந்தது, நீலம் முடிந்தது, சிவப்புக்கு நல்லவேளையாக வேலை வரவில்லை. எல்லா வீட்டிலும் கோடு விழுந்தது, ஒரு வீட்டைத் தவிர.

அது பள்ளத்தெருவின் கடைசியில் இருந்த உத்திராபதியின் வீடு. உத்திராபதி தையல்நாயகியின் தம்பி. மைத்துனன் என்பதால் சலுகை விலைக்கு என்று சொல்லி குஞ்சிதபாதம் அவனுக்கு ஒரு பசுவைப் பிடித்துக்கொடுத்திருந்தார், பாலாகக் கொட்டும் என்று தன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அந்தப் பசு கூரை ஓலையைத் தின்றது, காயப்போட்ட சேலையைத் தின்றது, வீட்டுவரி ரசீதைத் தின்றது, ஒரு சொட்டுப் பால் கொடுக்கவில்லை. உத்திராபதி அதை விற்கவும் இல்லை. வருகிறவர் போகிறவருக்குக் காட்டுவதற்காகவே வைத்திருந்தான், சாட்சி என்று அதற்குப் பெயர் வைத்திருந்தான். தெருவில் நின்று அவன், "ஏ சாட்சி, இங்க வா" என்று கூப்பிடும்போதெல்லாம் மேட்டுத்தெருவில் குஞ்சிதபாதத்துக்குச் சாப்பாடு இறங்காது.

"என் வீட்டுக்குள்ள அந்த ஆளு காலை வைக்கக் கூடாது" என்றான் உத்திராபதி, கோடு போட வந்தவர்களிடம்.

"தம்பி, ஊர்லயே உன் வீடுதான்டா ரொம்பப் பள்ளம்" என்றாள் தையல்நாயகி.

"தளத்தை உசத்திக் கட்டியிருக்கேன்க்கா. என் வீட்டுக்குத் தண்ணி வராது. வந்தா எனக்குத் தெரியும். அந்த ஆளு வேட்டி சொல்லி நான் தெரிஞ்சிக்க வேண்டியதில்ல. மாட்டுல பால் வரும்னு சொன்ன ஆளு இப்ப ஆத்துல தண்ணி வரும்கிறாரு."

சாட்சி அவன் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் நீலப் பெயிண்ட் டப்பாவை நக்கிப் பார்த்தது. அன்றைக்குத் திரும்பிவிட்டார்கள். உண்மையில் தளம் உயரம்தான்; ஆனால் அந்த இடம் ஒரு காலத்தில் ஆறே ஓடிய இடம், ஒரு வீட்டுக்கு ஒரு வீடு தெரு இறங்கிக்கொண்டே போய் அவன் வாசலில்தான் முடிந்தது.

கார்த்திகை பாதியில் ஒரு மத்தியானம், பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. குஞ்சிதபாதம் மேட்டுத்தெருவில் தன் வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் அவர் உள்ளங்காலுக்கு மேல் நனைந்ததே கிடையாது. ரசத்துக்குச் சோற்றைப் பிசைகிற நேரத்தில் உட்கார்ந்தவாக்கில் கழுத்துவரை நனைந்தார்.

"இந்தா!" என்றார்.

தையல்நாயகி அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள். "எந்திரிங்க. நேரா நில்லுங்க, பாப்போம்." அவர் எழுந்தார். இடுப்பு. கோயில் வாசலுக்குப் போகச் சொன்னாள். எப்போதும் காய்ந்து நிற்கிற இடத்தில் முழங்கால். மேட்டுத்தெருவிலேயே இடுப்பு என்றால் டீக்கடையில் எவ்வளவு, பள்ளத்தெருவில் எவ்வளவு என்று கணக்குப் போட ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டு அவள் வேம்பு வீட்டுக்கு ஓடினாள். வேம்பு வாசலில் வந்து நின்று, மூச்சை இழுத்து, "சிவப்பூ!" என்றாள். புங்கமரத்திலிருந்து காக்காய்கள் எல்லாம் ஒரே சமயத்தில் கிளம்பின. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரிலும் சிலர் மூட்டை கட்டினார்கள்.

ஆற்றில் கம்பம் அப்போதும் காய்ந்துதான் நின்றது, மேற்கத்தி ஊர்க்காரரின் போன் சாயங்காலம்தான் வந்தது, அவர் சொன்னதும் சிவப்புத்தான். அதற்குள் கோரைத்திட்டு முக்கால்வாசி கரை ஏறியிருந்தது. பேசி வைத்தபடியே நடந்தது. ஆடுகள் போயின, மாடுகள் போயின, நடக்கமுடியாதவர்கள் நாற்காலியோடு போனார்கள், டீக்கடைக்காரர் பெஞ்சைத் தலையில் வைத்துக்கொண்டு போனார். ரெஜினா கரைமேல் நின்று, வந்தவர்களை வீடு வீடாகப் பெயர் சொல்லிச் சரிபார்த்தாள். ஒரு வீடு மட்டும் வரவில்லை.

உத்திராபதி இரும்புக் கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளை மாமியார் வீட்டுக்கு அனுப்பியிருந்த தைரியத்தில், கூடத்தில் உட்கார்ந்து மீன்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தையல்நாயகி கேட்டைப் பிடித்து ஆட்டினாள்.

"டேய், வெளிய வாடா!"

"உன் புருஷன் அனுப்பிச்சாரா?"

"யாரு அனுப்புனா என்னடா? ஊரே போயிருச்சு."

"ஊருக்கு அவரு இன்னும் மாடு விக்கலைக்கா. வித்திருந்தா ஊரும் இங்கதான் உக்காந்திருக்கும்."

அவள் அழுதுகொண்டே கரைக்கு வந்தாள். குஞ்சிதபாதம் அங்கே கரைமேல் நின்றிருந்தார், நாளைக்கும் தண்ணீர் எட்டாத உயரத்தில், அப்போதுதான் சலவையிலிருந்து வந்தவர் மாதிரி. மனைவி அழுவதைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சரிவில் இறங்கினார்.

மேட்டுத்தெருவில் இடுப்பு. டீக்கடை இருந்த இடத்தில் கழுத்து. அவருடைய தோள் துண்டு கழன்று பின்னால் மிதந்து வந்தது. அங்கிருந்து அவர் பின்னால் வந்த பூனைகள்கூட இதற்கு மேல் வேண்டாம் என்று நின்றுவிட்டன. பள்ளத்தெரு முக்கில் தாடையை நிமிர்த்தி, கால் விரலில் எம்பி, வெயிலைப் பார்த்தபடி நடந்தார். இந்தத் தடவை ஏமாற்றுவதற்காக எம்பவில்லை. அதற்கப்புறம் எம்பினாலும் எட்டவில்லை. அவர் ஒரு பெரிய மூச்சு இழுத்தார். நீச்சல் தெரியாத மனிதர். அந்த ஒரே மூச்சோடு, காய்ந்து புழுதி பறக்கிற பள்ளத்தெருவில், நாளைய கொள்ளிடத்துக்குள்ளே இறங்கி நடந்தார்.

உத்திராபதி நிமிர்ந்து பார்த்தபோது குஞ்சிதபாதம் கேட்டுக்குள் கையை விட்டுத் தாழ்ப்பாளைத் தள்ளி, கூடத்துக்குள் வந்து நின்றார். தலைமுடி கோரைப்புல் மாதிரி மேலே எழும்பி ஆடியது. வேட்டி குடைபோல விரிந்து மேலே எழும்பப் பார்த்தது; அவர் இரண்டு கையாலும் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார், அந்த நிலைமையிலும் மானம் போகக் கூடாது என்று. வாயைத் திறந்தார். பேச்சு வரவில்லை, குமிழிகள் வந்தன. கொத்துக்கொத்தாக வந்து, மேலே போய், கூரைத் தளத்தில் முட்டி உருண்டு, ஜன்னலைத் தேடிக்கொண்டு வெளியே போயின.

"நடிக்காதீங்க" என்றான் உத்திராபதி, சோற்றுக் கையோடு.

இன்னும் கொஞ்சம் குமிழி வந்தது.

"மாட்டு விஷயத்துலயும் இப்பிடித்தான் நடிச்சீங்க."

குஞ்சிதபாதத்தின் முகம் சிவந்து, பிறகு கறுத்தது. கண் பிதுங்கியது. வேட்டியைப் பிடித்திருந்த கைகள் விட்டுவிட்டன. வேட்டி மேலே எழும்பிப் போய் மின்விசிறியில் சுற்றிக்கொண்டது. பட்டாபட்டி டிராயரோடு நின்ற அந்த மனிதர் முழங்காலில் விழுந்தார். உத்திராபதி தனக்கு அவரைத் தெரிந்த காலத்தில் எதற்காகவும் அந்த வேட்டியை அவர் விட்டுப் பார்த்ததில்லை.

"மாமா!" என்று கத்திக்கொண்டு எச்சில் கையோடு எழுந்தான். அவரை அள்ளித் தோளில் போட்டான். தண்ணீருக்குள் ஆளைத் தூக்கினால் எப்படி இருக்குமோ அப்படி லேசாக இருந்தார். வாசலைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, பள்ளத்தெரு முழுக்க, "மூச்சு விடுங்க மாமா, மூச்சு விடுங்க மாமா" என்று சொல்லிக்கொண்டே ஓடினான். மேடு ஏற ஏற அவர் கனத்தார். டீக்கடை தாண்டியதும் நிஜக் கனம் வந்துவிட்டது. அதற்குள் எதிரே இறங்கி வந்தவர்கள் ஆளுக்கு ஒரு காலைப் பிடித்துக்கொண்டார்கள். கரைமேல் கொண்டுபோய்க் குப்புறப் போட்டு முதுகில் தட்டினார்கள். அவர் இருமினார், வாய் வாயாகத் துப்பினார்; துப்பிய தண்ணீர் தரையைத் தொடுவதற்குள் காணாமல் போனது, இருமல் மட்டும் மிஞ்சியது. யாரோ துண்டு கொடுத்தார்கள், இடுப்பில் கட்டிக்கொள்ள. சாட்சியை அவிழ்த்துக்கொண்டு வந்தவர்கள், வருகிற வழியில் அது இரண்டு கொடிக் கயிற்றைத் தின்றுவிட்டதாகச் சொன்னார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து உத்திராபதி, அவருக்குப் பக்கத்தில் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்து, "என்ன மாமா சொல்ல வந்தீங்க? குமிழி குமிழியா வந்துச்சே" என்று கேட்டான்.

அவ்வளவு நேரம் செத்துப் பிழைத்தவராகக் கிடந்த குஞ்சிதபாதம் எழுந்து உட்கார்ந்தார். சுற்றிலும் ஊர் நிற்பதைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"என் உசுரு போனாலும் பரவால்ல மச்சான், நீ பொழைச்சுக்கன்னு சொன்னேன்."

உத்திராபதிக்குக் கண் கலங்கிவிட்டது. நின்றவர்களில் பாதிப் பேர் மூக்கைச் சிந்தினார்கள். வேம்புகூட முந்தானையை எடுத்தாள். தையல்நாயகி மட்டும் புருஷனை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் வெள்ளம் வந்தது. அதுவரை கோரைத்திட்டு பார்த்த வெள்ளங்கள் எல்லாம் இதற்கு முன்னால் கழுநீர்தான். கோயில் வாசலில் முழங்கால், மேட்டுத்தெருவில் இடுப்பு என்று சொன்ன இடத்தில் சொன்ன அளவுக்கு வந்து நின்றது. பள்ளத்தெருவில் உத்திராபதியின் வீடு இருந்த இடத்தில் வீடே தெரியவில்லை, மாடியில் வைத்திருந்த கறுப்புத் தண்ணீர்த் தொட்டியின் மூடி மட்டும் தெரிந்தது. ஒரு ஆள் போகவில்லை, ஒரு ஆடு போகவில்லை. ரெஜினா கரைமேல் நின்று போனில் யாருக்கோ, எல்லாரும் இருக்காங்க சார், எல்லாரும், எல்லாரும் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கரைமேல் பெரிய அடுப்பு மூட்டிச் சாம்பார் வைக்க ஏற்பாடு நடந்தது.

சாயங்காலம், முந்தின நாள் குஞ்சிதபாதம் பள்ளத்தெருவில் இறங்கிய அதே நேரத்துக்கு, அந்தத் தொட்டிமூடிக்குப் பக்கத்தில் தண்ணீர் கொதிப்பது மாதிரி இருந்தது. குமிழிகள் கிளம்பின. முதல் குமிழி பெரியது. மேலே வந்து, வெயிலில் ஒரு நிமிஷம் மினுங்கி, உடைந்தது. உடைந்ததும் குஞ்சிதபாதத்தின் குரல், கரைமேல் இருக்கிற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, தண்ணீர்மேல் ஓங்கி ஒலித்தது.

"யோவ்! சோத்தைக் கீழ வைய்யா!"

ஊர் திரும்பி அவரைப் பார்த்தது. அவர் வாய் மூடியிருந்தது.

அடுத்த குமிழி உடைந்தது. "மாடு மாதிரி முழிக்கிறியே, என்னைத் தூக்குய்யா, பாவி!"

அடுத்தது. "நான் செத்தேன்னா உங்கக்கா உன்னைச் சும்மா விட மாட்டா!"

இப்படியே கொத்துக்கொத்தாக உடைந்தன. மீன்குழம்பில் கொஞ்சம் எடுத்து வைத்தாயா என்று ஒரு குமிழி கேட்டது. ஐயோ வேட்டி போச்சே என்று ஒன்று அலறியது. அந்த மாடு நல்ல மாடுதான், வளர்க்கத் தெரியாதவன் கையில் கிடைத்துவிட்டது என்று ஒரு குமிழி, சாகப்போகிற அந்த நேரத்திலும், தொழில் பேசியது. கரை முழுக்கச் சிரித்தது. சிரிப்பில் ஒருவர் சரிவில் உருண்டு தண்ணீர் ஓரம்வரை போய்விட்டார்.

"உசுரு போனாலும் பரவால்லன்னு சொன்ன குமிழி எங்க மாமா?" என்றான் உத்திராபதி.

"அது அடியில தங்கியிருக்கும். கனமான வார்த்தைல்ல" என்றார் குஞ்சிதபாதம்.

உத்திராபதி ரொம்ப நேரம் சிரிக்காமல் இருக்கப் பார்த்தான். முடியவில்லை. அவன் சிரிக்கத் தொடங்கியதும் அவரும் சிரித்தார். இரண்டு பேரும் ஒருவர் முதுகில் ஒருவர் அடித்துக்கொண்டு, மூச்சு முட்டுகிற வரைக்கும் சிரித்தார்கள்.

சிரிப்பு ஓய்ந்து ஆட்கள் அடுப்பைப் பார்க்கப் போனார்கள். தண்ணீரும் அடங்கிவிட்டது. எல்லாம் முடிந்தது என்று நினைத்த பிறகு, தொட்டிமூடிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு குமிழி தனியாக வந்தது. ரொம்பச் சின்னது. அது உடைந்தபோது வந்தது கத்தல் இல்லை. பக்கத்தில் படுத்திருப்பவளை எழுப்புகிறது மாதிரி ஒரு சத்தம்.

"தையலு."

கல்யாணமான நாளிலிருந்து குஞ்சிதபாதம் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. தையல்நாயகியும் கேட்டதில்லை. அவள் சாம்பாருக்குக் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள், கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"நீங்களா கூப்பிட்டது?"

"எது? எனக்கு ஒண்ணும் கேக்கலியே" என்றார் அவர், காதெல்லாம் சிவந்துபோய், ஆற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு.

 அவள் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கி, தண்ணீரின் விளிம்பில் போய் நின்று, அந்தக் குமிழி உடைந்த இடத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"இங்கதாங்க இருக்கேன்."